கணினி நிரல் கற்க முனைவோரின் வினாக்களும் விடைகளும்

(ஜமாஅத் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்குமான கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகியனவும், விருதுநகரில் எண்ணெய், பருப்பு, மிளகாய் வற்றல் மொத்த வணிகமும் நெடுங்காலமாகச் சோறு போட்டு வருகின்றன. பிள்ளைகளாவது வெடிமருந்தின் பக்கம் போகாமல் வேறு தொழில் கற்கட்டும் என எண்ணும் பெற்றோர், நகையை அடகு வைத்துக்கூடக் கணினிப் பயிற்சிக்குக் கட்டணம் செலுத்துகின்றனர். சில மாதங்களில் சான்றிதழ் கைக்கு வருகிறது. ஆனால் ஒரு கடைக்கு வேண்டிய பில் போடும் புரோகிராமைத் தாமே எழுதப் பலருக்கு இயலவில்லை. அந்த இடைவெளி எதனால் உண்டாகிறது என்பதையே, மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் வினாக்களைக் கொண்டு இங்கே நாம் ஆராய்வோம்.

நிரல் என்பது யாது?

ஒரு வேலையை இன்ன வரிசையில் செய் எனக் கணினிக்கு எழுதித் தரும் கட்டளைத் தொகுதியே நிரல், அதாவது புரோகிராம். அதன் உள்ளே உள்ள வரிசைமுறையை அல்காரிதம் என்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி அவர்களின் பெயரே இலத்தீனில் திரிந்து இச்சொல்லாயிற்று. அவர் எழுதிய அல்ஜப்ர் நூலின் ஒரு பெரும் பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளைப் பற்றியதாகும்.

அதையே முதற் பயிற்சியாகக் கொள்வோம். ஒருவர் மனைவி, மூன்று மகன்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு மறைகிறார். அவருடைய பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டனர். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியன போக எஞ்சியது 8 இலட்சம் ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒரு பங்காக 1 இலட்சம் சேரும். மீதி 7 இலட்சத்தில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற முறையில், மகன்களுக்குத் தலா 2 இலட்சமும் மகளுக்கு 1 இலட்சமும் கிடைக்கும். பிள்ளைகள் இல்லையெனில் மனைவியின் பங்கு நான்கில் ஒன்றாக மாறும்.

நிரலின் அடிப்படைகள் மூன்றும் இதில் உள்ளன. கடன் முதலில், பங்கு பிறகு என்பது வரிசை. பிள்ளைகள் இருந்தால், இல்லாவிட்டால் என்பது நிபந்தனை. ஒவ்வொரு வாரிசுக்கும் ஒரே கணக்கைத் திரும்பச் செய்வது சுழற்சி. கடனைக் கழிக்காமல் பங்கிட்டால் விடை தவறாகும். ஆனால் கணினி அதைத் தானாகக் கண்டு சொல்லாது. ஆகவே, வேலையை அறியாதவரால் நிரல் எழுத இயலாது. சிக்கலான பாகப்பிரிவினைகளுக்கு ஆலிம்களின் தீர்ப்பே முடிவானது. பயிற்சி நிரலை நம்பிச் சொத்தைப் பிரித்துவிடக் கூடாது.

டெஸ்க்டாப் அப்ளிகேஷனா, வெப் அப்ளிகேஷனா?

ஒரு கணினியிலேயே நிறுவப்பட்டு அங்கேயே ஓடுவது டெஸ்க்டாப் அப்ளிகேஷன். வேறோரிடத்தில் உள்ள சர்வரில் ஓடி, பிரவுசர் வழியே பலரும் பயன்படுத்துவது வெப் அப்ளிகேஷன். எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, யார், எங்கிருந்து, எத்தனை பேர் பயன்படுத்துவர் என்று கேட்பதே முறை.

விருதுநகர் மொத்தக் கடை ஒன்றில் ஒருவரே அமர்ந்து பில் போடுகிறார் எனில், இணையம் நின்றாலும் ஓடும் டெஸ்க்டாப் அப்ளிகேஷன் போதும். சிவகாசி அச்சகத்தில் ஆடிப் பெருக்கையொட்டிக் காலண்டர் ஆல்பம் வெளியாகி, வெளியூர் ஏஜெண்டுகள் ஆர்டர் அனுப்பத் தொடங்குகையில் வெப் அப்ளிகேஷனே உதவும். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் கணினிக்கு இடமே இல்லை. அங்கே தாளில் குறித்ததை அலுவலகத்தில் வந்து பதிவதே பாதுகாப்பானது. நிரலும் அதற்கேற்பவே அமைய வேண்டும்.

ஜமாஅத்தினர் அறிந்த எடுத்துக்காட்டு, 2025 ஜூன் 6 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய உமீத் இணையதளம். வக்ஃபு சொத்து விவரங்களை முத்தவல்லி பதிவு செய்ய, வாரிய அலுவலர் சரிபார்க்க, அதன் மேல் ஒப்புதல் தரப்படுகிறது. ஒரே தளத்தில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு அதிகாரம். பல ஊரார் பங்குகொள்ளும் இத்தகைய பணி, ஒரு கணினிக்குள் அடங்கும் டெஸ்க்டாப் அப்ளிகேஷனுக்கு உரியதன்று.

எந்த மொழியை முதலில் கற்பது?

விண்டோஸ் நிரலாக்கத்தில் 1998-இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6 பல்லாண்டுக் காலம் கோலோச்சியது. அதற்கான மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2008-இல் நின்றது. அதில் எழுதிய பழைய கணக்குப் புரோகிராம்கள் இன்றும் ஓடுகின்றன எனினும், புதிதாகக் கற்போர் அதில் தொடங்க வேண்டியதில்லை. 2002-இல் வந்த டாட்நெட்டும் அதன் சி ஷார்ப் மொழியும் டெஸ்க்டாப், வெப் இரண்டுக்கும் பயன்படுகின்றன. வெப் பக்கம் செல்வோர் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றையும் கற்றாக வேண்டும். சர்வர் பக்கத்திற்கு பி.எச்.பி., பைத்தான் போன்றனவும் உண்டு. விஷுவல் ஸ்டுடியோவின் கம்யூனிட்டி பதிப்பு 2014 முதல் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. திருட்டுப் பிரதி தேடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மொழி மாறும், கற்ற முறை மாறாது. வரி விகிதங்களையே பாருங்கள். தமிழகத்தில் 2007 ஜனவரி 1-இல் வாட் வந்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது, 2025 செப்டம்பர் 22-இல் அதன் விகிதங்கள் மாற்றப்பட்டன. விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதியவர்கள் ஒவ்வொரு முறையும் நிரலைத் திருத்த நேர்ந்தது. அதைத் தனி அட்டவணையில், நடைமுறைக்கு வரும் தேதியோடு வைத்தவர்களுக்கு ஒரு வரியைச் சேர்த்தாலே போதுமாயிற்று. பணக் கணக்கிற்கு டபுள் வகையைத் தவிர்த்து டெசிமல் வகையைக் கொள்வதும் இத்தகைய அடிப்படைப் பாடமே. டபுள் வகையில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் துல்லியமாக 0.3 வருவதில்லை.

என் கணினியில் ஓடுவது பிற இடத்தில் ஓடாதது ஏன்?

டெஸ்க்டாப் எனில், அதற்குத் தேவையான டாட்நெட் பகுதியோ டேட்டாபேஸோ அந்தக் கணினியில் நிறுவப்படாமல் இருக்கலாம். நிறுவும் தொகுப்பையும் சேர்த்துக் கொடுப்பது நிரல் எழுதியவரின் கடமை. வெப் எனில், முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்றிருப்பதைக் கவனியுங்கள். அதன் பொருள் 'இதே கணினி' என்பதாகும். துபாயில் உள்ள அண்ணன் அந்த முகவரியைத் திறந்தால் அவருடைய கணினியையே அது தேடும். இணையத்தில் அனைவரும் காண வேண்டுமெனில் ஹோஸ்டிங் இடமும் டொமைன் பெயரும் தேவை. இவற்றிற்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு என்பதை வேலை ஒப்புக்கொள்ளும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறுவது ஏன்?

சிவகாசி அச்சகங்களில் ஒருங்குறி அல்லாத எழுத்துருக்கள் பரவலாகப் புழங்கியதால் இவ்வினா நம் ஊரில் மிகுதி. அவ்வகையில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் அமர்த்தப்பட்டிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குறிகளாகத் தோன்றும். யுனிகோடு எனும் ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண். தமிழக அரசு 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது. எஸ்.க்யூ.எல். சர்வரில் தமிழ்ப் பெயர்களைச் சேமிக்க என்வார்கார் வகையைப் பயன்படுத்துங்கள். வார்கார் வகையில் அவை கேள்விக்குறிகளாகிவிடக் கூடும். 'பள்ளிவாசல்' என்பதில் நமக்கு ஆறு எழுத்துகள்; ஒருங்குறியில் புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால் பத்து. பெயருக்கு இடம் ஒதுக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

ஜமாஅத் பதிவேட்டைக் கணினியில் ஏற்றலாமா?

தாராளமாக ஏற்றலாம். கற்போருக்கு இதைவிட நல்ல பயிற்சியும் இல்லை. ஒரு மஹல்லாவில் எத்தனை முஹம்மது இப்ராஹீம் இருப்பார்கள்! அவர்களுள்ளும் ஒருவர் இப்ராஹிம் என்றும் மற்றொருவர் இபுராகிம் என்றும் எழுதுவர். ஆகவே பெயரை அடையாளமாகக் கொள்ளாமல் குடும்ப எண்ணைக் கொள்ள வேண்டும். நிக்காஹ் பதிவில் ஹிஜ்ரி தேதியும் உண்டு. டாட்நெட்டின் ஹிஜ்ரி நாட்காட்டி கணக்கின்படி அமைந்தது. பிறை கண்டு அறிவிக்கும் தேதியோடு ஓரிரு நாள் வேறுபடலாம். அறிவிக்கப்பட்ட தேதியையே தனியாகப் பதிந்து வையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சந்தா நிலுவை, ஜகாத் பெறுவோர் பட்டியல், தலாக் விவரம் ஆகியன அமானிதம். ஒரு விதவைச் சகோதரி உதவி பெற்ற செய்தி தெருவில் பேசப்படுமானால், எவ்வளவு அழகிய நிரலாயினும் அது தீங்கே செய்தது. கடவுச்சொல்லை ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் சோதித்தால் பிரவுசரைத் திறந்து எவரும் படித்துவிடலாம். சோதனை சர்வரில் நடைபெற வேண்டும். பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே டேட்டாபேஸ் கட்டளையோடு ஒட்டுவதும் கூடாது. அவ்வழியே அந்நியர் உள்ளே நுழைவர். ஜகாத் பட்டியலை இணையத்தில் ஏற்றாமல், அலுவலகத்தின் ஒரே கணினியில் பூட்டி வைத்து, நாள்தோறும் நகல் எடுத்து வைப்பதே எமது கருத்து. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. ஆகவே, யார் எப்போது எதைத் திருத்தினார் என்பதையும் நிரல் பதிந்து வைக்கட்டும்.

பட்டம் இல்லாதவர் கற்கலாமா?

கற்கலாம். 1996-இல் அட்வென்ட்நெட் எனத் தொடங்கிய ஜோஹோ நிறுவனம் தென்காசி அருகே மத்தளம்பாறையில் இயங்குகிறது. பள்ளிக் கல்வியோ டிப்ளமோவோ முடித்தவர்களைத் தேர்ந்து, உதவித்தொகை தந்து பயிற்றும் ஏற்பாடும் அதற்கு உண்டு. வாய்ப்பு எல்லோருக்கும் எளிதில் கிட்டும் என்று நாம் கூறவில்லை. கட்டணம் செலுத்தும் முன் பெற்றோர்கள் பயிற்சி நிலையத்தாரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "முடிக்கும்போது என் பிள்ளை தானாகச் செய்து காட்டப்போகும் முழுமையான வேலை எது?" தெளிவான விடை இல்லையேல் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

1920-களில் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலை அங்கிருந்தே கற்று வந்தனர். அதிலிருந்து இவ்வூரின் தொழில்வளம் பெருகியது. மாணவச் செல்வங்களே, தந்தையின் கடையிலோ, பக்கத்து அச்சகத்திலோ ஒரு வாரம் அமர்ந்து, அங்கே நடக்கும் ஒரு சிறு வேலையைத் தாளில் வரிசையாக எழுதுங்கள். பிறகு கணினியைத் திறவுங்கள்.

பயனுள்ள கல்வியையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக. ஆமீன்.