கட்டிலுக்கு அடியில் மணி



எங்கள் வீட்டுக்கு வரும்போது மணிக்கு நான்கு வயதிருக்கும் என்றார்கள். காப்பகத்திலிருந்து எடுத்து வந்த நாட்டு நாய். இடது காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. ஏதோ சண்டைக் காயம் என்றுதான் நினைத்தேன். கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசியும் போட்டாயிற்று என்பதற்கு அடையாளமாம் அது. தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாக இந்த வழியை சென்னை புளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே சொல்லிவிட்டது. ஊர் அதைக் காதில் வாங்க முப்பது வருஷம் ஆனது. நாய் விஷயத்தில் பொறுமை வேண்டும் என்பது அங்கேயே தொடங்குகிறது!

வந்த அன்று மணி நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவன்தான். பிள்ளைகள் பிஸ்கட்டை நீட்டினார்கள். நான் குனிந்து குனிந்து கூப்பிட்டேன். உடம்பை இன்னும் சுருக்கிக்கொண்டான். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகுதான் தட்டு காலியாகும்.

காப்பகத்தில் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்கள்: மிரட்சி தணிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம். எல்லா நாயும் காலண்டர் பார்த்து நடக்காது. மணி வெளியே வந்தது பதினோராம் நாள்.

யாரிடம் வந்தான் தெரியுமா? அப்பாவிடம். "வீட்டுக்குள்ள நாயா?" என்று முகம் சுளித்தவர் அவர். அம்மா போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பேச்சு குறைந்து போயிருந்தது. நாயை அவர் கூப்பிடவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

யோசித்தால் காரணம் புரிகிறது. அறிமுகமில்லாதவர் உற்றுப் பார்ப்பதும், தலைக்கு மேலே கையை நீட்டுவதும் நாய்க்கு மிரட்டல். பயந்த பிராணிக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கிற மனிதர்தான் பத்திரமான இடம். அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். "சாப்பிடுங்க, பேசுங்க, வெளியே போங்க" என்று நாங்கள் நச்சரித்துக்கொண்டே இருந்தோம். எதுவும் கேட்காமல் காலடியில் வந்து படுத்தது மணி ஒருவன்தான்.

பழகிவிட்டால் அதே பார்வைக்கு அர்த்தம் மாறிவிடுகிறது. நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் கூடுவதை ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் கண்டார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் இடையே பாசத்தை வளர்க்கிற அதே ஹார்மோன்.

இப்போது காலை ஐந்தரைக்கு மணி கதவைப் பிறாண்டுவான். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். டீக்கடை வரை நடை, அங்கே நாலு பேரோடு பேச்சு. திரும்பி வந்ததும், "சாப்பிட்டியாடா?" என்பார். அம்மா எங்களைக் கேட்ட கேள்வி அது.

நாய் எடுத்து வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வருஷா வருஷம் தடுப்பூசி போடுங்கள். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு ஒதுங்க ஒரு மூலை கொடுங்கள். "ஒட்டவே மாட்டேங்குது" என்று ஒரு வாரத்தில் மட்டும் திருப்பி விட்டுவிடாதீர்கள்.

மணி இப்போதும் படுப்பது கட்டிலுக்கு அடியில்தான். ஆனால் அது அப்பாவின் கட்டில். நடுராத்திரி விழிப்பு வந்தால் அவர் கை கீழே இறங்கித் தேடும். "இருக்கியாடா?" என்பார். வால் தரையில் இரண்டு முறை தட்டும் சத்தம், அடுத்த அறையில் எங்களுக்கும் கேட்கும்.