படித்தது என்ன என்று கேட்கலாம்



மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’, கீழே ‘மனநல நிபுணர்’. வேறு எதுவும் இல்லை. இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காத, யாரோ தன்னைத் திட்டுவதுபோல் காதில் கேட்கிறது என்று சொல்லும் மகனைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா அந்தப் படியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவர் மருத்துவரா, உளவியல் படித்தவரா, சில வாரச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவரா? அந்தப் பலகையைப் பார்த்து அவரால் சொல்ல முடியாது. பிஎச்.டி. முடித்தவரும் டாக்டர்தானே!

அந்தப் பையனை முதலில் பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர், அதாவது சைக்யாட்ரிஸ்ட். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் பிறகு மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. படித்தவர். அந்தக் காலத்து மருத்துவர்கள் சிலர் டி.பி.எம். என்ற டிப்ளமோ வைத்திருப்பார்கள். அதுவும் முறையான படிப்புதான். உடம்பையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர் என்பது இவருடைய பெரிய பலம். தைராய்டு சுரப்பு குறைந்தாலே மனச்சோர்வு போன்ற அறிகுறிகள் வரும். ரத்தப் பரிசோதனை செய்யாமல், மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தால் அது சரியாகாது. இவருடைய மருந்துச் சீட்டில் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த முறை சீட்டைக் கையில் வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள்.

குழப்பம் அதிகமாக வருவது அடுத்தவரிடத்தில்தான். உளவியலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. முடித்த எல்லோரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட மாட்டார்கள். இப்போது அந்தப் பணியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் முதுகலைக்குப் பிறகு இரண்டு வருடம் முழுநேர எம்.ஃபில். படித்து, மருத்துவமனையில் மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், ஆர்.சி.ஐ. என்பார்களே, அதில் பதிவு செய்திருப்பார்கள். பாடத்திட்டங்கள் இப்போது மாறிவருகின்றன என்றாலும், பதிவு எண்ணைக் கேட்பதில் மாற்றம் இல்லை. பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சோதிப்பதும், பயத்துக்கும் மனச்சோர்வுக்கும் முறையான பேச்சு சிகிச்சை தருவதும் இவர்களுடைய வேலை. மாத்திரை எழுதுவது இவர்கள் வேலையல்ல. தன் துறைக்கு உட்படாத மருந்தையோ சிகிச்சையையோ யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

அதே சட்டம் மனநலச் செவிலியரையும் மனநல சமூகப் பணியாளரையும் அங்கீகரிக்கிறது. சித்த மருத்துவத்தில் ‘சிறப்பு மருத்துவம்’ என்ற மேற்படிப்பு முடித்தவர்களையும் மனநலப் பணியாளர் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. சமூகப் பணியாளரின் அருமை பலருக்குத் தெரியாது. நோயாளி வீடு திரும்பிய பிறகு குடும்பம் அவரை எப்படி ஏற்றுக்கொள்கிறது, வேலைக்கு வழி என்ன, அரசு உதவிக்கு எங்கே எழுதுவது என்று அலைபவர் அவர்தான்.

இனி கவுன்சலர். நன்றாகப் படித்து, பொறுமையாகக் கேட்டு, எத்தனையோ குடும்பங்களைத் தாங்கிப்பிடித்த ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இந்தப் பெயரை இன்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடிகிறது. 2021இல் வந்த துணைநிலை சுகாதாரப் பணியாளர் சட்டம் இவர்களையும் பதிவுக்குள் கொண்டுவர முனைகிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை நாம்தான் கேட்டாக வேண்டும்: “நீங்கள் என்ன படித்தீர்கள்? யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள்? உங்களால் முடியாது என்றால் யாரிடம் அனுப்புவீர்கள்?” கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரை நம்பலாம். “என்னிடமே எல்லாம் சரியாகிவிடும், மாத்திரையை நிறுத்திவிடுங்கள்” என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். மருந்தைத் திடீரென்று நிறுத்தி, நோய் முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இப்படிக் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நம் வீடுகளில் தயங்குகிறார்கள். மனதில் பூட்டி வைத்ததையெல்லாம் திறந்து சொல்லப்போகிறோம். கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

யாரிடம் போவது என்றே புரியவில்லை என்றால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் அவரே உங்களை மனநல மருத்துவரிடம் இணைத்துவிடுவார்.