மதிப்பெண்ணும் கடல்கோளும்

(கடியப்பட்டணத்தில் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றப்பெற்ற உரை)



தேர்வு முடிவு வெளிவரும் நாளில் இவ்வூர்த் தெருக்களில் கேட்கும் வினா ஒன்றே: "எத்தனை எடுத்தாய்?" அறுநூற்றுக்கு ஐந்நூற்றெண்பது எடுத்தவன் தலைநிமிர்ந்து நடக்கின்றான், முந்நூறு எடுத்தவன் கொல்லைப்புற வழியாக வீட்டினுள் நுழைகின்றான். மதிப்பெண் வேண்டா என்று ஈண்டு எவரும் கூறவரவில்லை. வள்ளமேறிச் சென்ற கணவன் மீள்வானோ மீளானோ என்று விடியுமளவும் விழித்திருந்த தாய், தன் மகனாவது கரையில் ஓர் அலுவலில் அமரவேண்டும் என விழைவது முற்றும் நேர்மையானது. 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயலைக் கண்ட குமரிக் கரையில் அவ்விழைவைப் பழிப்பவன் நெஞ்சில் ஈரமற்றவன். ஆயின், அந்த எண்ணால் அளக்கப்படுவது எது, அளக்கப்படாமற் போவது எது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வள்ளியாறு கடலிற் கலக்கும் இவ்வூரிலிருந்து கட்டுமரம் ஏறிய மூதாளர் எவரையேனும் எடுத்துக்கொள்க. கடலடியில் மீன் மண்டும் பாறைத்திட்டாகிய 'பார்' எங்குளது என்பதை அவர் எவ்வாறு அறிந்தார்? கடலின் மேற்பரப்பில் அடையாளம் ஏதும் இல்லை. தொலைவில் தோன்றும் மலைமுகட்டையும் அதற்கு முன்னுள்ள கோவிற் கோபுரத்தையும் ஒரு நேர்கோட்டில் நிறுத்துவார். வேறொரு குன்றையும் முட்டத்துக் கலங்கரை விளக்கையும் போன்ற பிறிதோர் இணையை மற்றொரு கோட்டில் நிறுத்துவார். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் தூண்டிலை இறக்குவார். கணியம் பார்த்தல் என்று இதற்குப் பெயர். வடிவக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய அவர்தம் பேரனுக்கு, பாட்டன் நாள்தோறும் செய்தது அந்தக் கணக்கே என்பதை எந்தப் பள்ளியும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்பன காற்றுக்குத் தமிழன் இட்ட பெயர்கள். தாய்மாரைப் பாருங்கள்! மீன்கூடை சுமந்து உள்நாட்டுச் சந்தைக்குச் செல்லும் தாய், ஏலத்தில் எடுத்த விலை, வண்டிக் கூலி, கடனுக்குச் செல்லும் வட்டி, மாலைக்குள் அழுகிவிடும் சரக்கு ஆகிய நான்கையும் மனத்திலேயே கூட்டிக் கழித்து, ஒரு நொடியில் விலை சொல்லுகின்றாள். முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், பிறர் துயருணர்தல் முதலிய பத்துத் திறன்களை வாழ்க்கைத் திறன்கள் என உலக நலவாழ்வு அமைப்பு 1990களிற் பட்டியலிட்டது. நல்லதே. அப்பட்டியலை ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கொணர்ந்து இக்கரையில் வகுப்பு நடத்த வருவோர், முதலில் அந்தத் தாயின் கூடையருகே சிறிது நேரம் நின்று பார்ப்பாராக.

இனி, உயிரோடு தொடர்புடைய செய்திக்கு வருவோம்.

2004 திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்குச் சுமத்திராவின் அருகே கடலடி நிலம் நடுங்கிற்று. பேரலை குமரிக் கரையை எட்ட இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர் ஊராகப் பிணம் விழுந்தது. இம்மாவட்டத்தில் மட்டும் மாண்டவர் ஏறத்தாழ 800 பேர். கடல்கோள் என்னும் சொல் தமிழில் இல்லாத சொல்லன்று. புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறும். தென்மதுரையும் கவாடபுரமும் கடல்கொள்ளப்பட்டமையை இறையனார் களவியல் உரை கூறும். இவற்றைப் படித்து, இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடையெழுதி, இரண்டையும் முழுமையாகப் பெற்ற மாணவர் தமிழகமெங்கும் இருந்தனர். ஆயினும், கடல் திடுமென உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பது அச்சொல்லோடு சேர்த்துக் கற்பிக்கப்படவில்லை. சொல்லைத் தேர்வுக்குக் கொடுத்துவிட்டோம். அதன் பொருளை அலையிடம் இழந்தோம். மறுநாள் செய்தித்தாள்கள் சப்பானியச் சொல்லாகிய 'சுனாமி'யை நமக்குக் கற்றுத் தந்தன!

அதே நாளில் சிமலூ என்னும் சிறு தீவில் நிகழ்ந்தது யாது? இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தைச் சேர்ந்த அத்தீவு நடுக்கத்தின் வாயிலிலேயே இருந்தது. நிலம் நடுங்கிய சில மணித்துளிகளில் அதன் வடகரையை அலை தாக்கிற்று. எந்தக் கருவியும் எச்சரிக்கவில்லை. எச்சரிக்க நேரமும் இல்லை. ஆயினும், ஏறத்தாழ 78,000 மக்களில் மாண்டவர் எழுவர் மட்டுமே எனப் பதிவாகியுள்ளது. கரணியம், அவர்தம் தாய்மொழியில் இருந்த 'சுமோங்' என்னும் ஒற்றைச் சொல்! 1907ஆம் ஆண்டுப் பேரலையில் உற்றாரை இழந்த முன்னோர், நிலம் நடுங்கிக் கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடு என்னும் அறிவை அச்சொல்லுள் வைத்துத் தாலாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்கு ஊட்டி வந்தனர். ஒருவர் 'சுமோங்' எனக் கத்தினார்; ஊரே குன்றேறிற்று. அதே மாநிலத்தின் பெருநிலக் கரையிலோ, அத்தகைய சொல் வழங்காத பண்டா அச்சேயில், பல்லாயிரவர் மாண்டனர்.

பள்ளியாற் பயனில்லை என்று இதனாற் கொள்ளற்க. தாய்லாந்தின் புக்கெட்டுக் கடற்கரையில் அன்று இருந்த பத்து அகவை ஆங்கிலச் சிறுமி தில்லி சுமித்து, கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு பேரலை வருமெனப் பெற்றோரிடம் கத்தினாள், கரை வெறுமையாக்கப்பட்டது, அங்கிருந்தோர் பிழைத்தனர். இரண்டு கிழமைக்கு முன் வகுப்பில் அவள் ஆசிரியர் கற்பித்த பாடம் அது. அவளுக்கு அவள் தாய்மொழியிற் கற்பிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே நினைக்க. விளங்காத மொழியில் உருப்போட்ட பாடம் தேர்வுத் தாளில் வந்து விழும். கரையில் நிற்கும்போது நாவுக்கு வராது.

ஒக்கிக்குப் பின் வேறொரு குறையும் வெளிப்பட்டது. கடலிற் காணாமற் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழாண்டு கழியவேண்டும் என்பது சட்டத்தின் பொது நெறி. அதனைத் தளர்த்துமாறு வேண்ட, வீட்டுத் தலைவனை இழந்த குடும்பங்கள் தாளும் கையுமாக அலைந்தன. பன்னிரண்டு ஆண்டு படித்த பிள்ளை, தன் வீட்டு முறையீட்டை நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுதி, உரிய அலுவலரிடம் அஞ்சாது நீட்டி, ஒப்புகை கேட்டுப் பெறுமாயின் அஃது எத்தனை மதிப்பெண்ணுக்கு ஈடாகும்?

மாணவத் தோழர்களே! இக்கோடை விடுமுறையில் ஆளுக்கொரு குறிப்பேடு வாங்குக. பாட்டன் பாட்டியரின் அருகமர்ந்து காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், பாரின் பெயர், முகிலின் நிறத்துக்கு அவர் கொள்ளும் பொருள் ஆகியவற்றைக் கேட்டெழுதுக. பாரின் பெயரை எழுதுங்கால் அதன் கணியக் கோடுகளையும் வரைந்துகொள்க. இன்று கருவி இடங்காட்டுகின்றது. ஆகலின் கோடுகளை நினைவில் வைத்திருப்போர் இவ்வூரில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவர்கள் வீட்டுக்கு முதலிற் செல்க.