வருகைதரு பேராசிரியர் ஊர் திரும்பிய பிறகு

வளரும் நாடுகளுக்குக் கணினியை அனுப்பிவைத்தவர்கள் நிறையப் பேர். அதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியரையும் சேர்த்து அனுப்பியவர்கள் குறைவு. அந்தக் குறைவான கணக்கில் ஒன்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் கதை. 1962 முதல் பத்தாண்டுகள் நடந்த கான்பூர் இந்திய அமெரிக்கத் திட்டத்தில் எம்.ஐ.டி., பெர்க்லி, பிரின்ஸ்டன், பர்டூ உள்பட ஒன்பது அமெரிக்கக் கல்வி நிலையங்கள் கைகோத்தன. 1963-இல் ஐபிஎம் 1620 கணினி கான்பூர் வந்தது. பெர்க்லியிலிருந்து பேராசிரியர் ஹாரி ஹஸ்கியும் வந்தார். எனியாக் கணினியில் வேலை பார்த்தவர் அவர். 1947-இல் இங்கிலாந்தில் ஆலன் டூரிங்கின் குழுவில் இருந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் கங்கைக் கரை நகரத்தில் வந்து தங்கி, கணினியை அதுவரை கண்ணால் பார்த்திராதவர்களுக்குப் பாடம் எடுத்தார்.

அந்த 1620 ஒரு விசித்திரமான இயந்திரம். கூட்டுவதற்கென்று அதில் தனிச் சுற்று கிடையாது. கூட்டல் வாய்பாடு முழுவதும் நினைவகத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டால் வாய்பாட்டில் உரிய இடத்தைப் பார்த்து விடையை எடுத்துத் தரும். தெரியாத்தனமாக யாராவது அந்த இடத்தில் வேறு எண்ணை எழுதிவிட்டால், அதன் பிறகு வருகிற கணக்கெல்லாம் தப்பாகவே வரும். கணினிக்குள் என்ன நடக்கிறது என்று கற்பிக்க இதைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது. கான்பூரில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. நிரலை அலுவலரிடம் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்கும் முறையை அங்கே வைக்கவில்லை. மாணவர்களே இயந்திரத்தின் முன் உட்கார்ந்து தங்கள் நிரலை ஓட்டிப் பார்த்தார்கள்.

ஹஸ்கி 1964-இல் ஊர் திரும்பினார். பாடம் நிற்கவில்லை. காரணம், அங்கே வி. ராஜாராமன் இருந்தார். 1933-இல் ஈரோட்டில் பிறந்து, விஸ்கான்சினில் முனைவர் பட்டம் பெற்று, 1963-இல் கான்பூரில் சேர்ந்தவர். நிரலாக்கமும் எண்முறைக் கணக்கும் கற்பிக்கும் பத்து நாள் தீவிர வகுப்புகள் அங்கே நடந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஆசிரியர்களும் பொறியாளர்களும் வந்து படித்துவிட்டுத் தங்கள் ஊர்களில் கற்பிக்கப் போனார்கள். வகுப்புக் குறிப்புகளை ராஜாராமன் செப்பனிட்டார். 1969-இல் அவை நிரலாக்க அடிப்படை நூலாக மலிவு விலையில் வெளிவந்தன. கணினியைத் தொட்டே பார்த்திராத கல்லூரிகளிலும் அந்தப் புத்தகம் பாடமானது. பின்னாளில் எம்.சி.ஏ. படிப்பை வகுத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவரும் அவரே. வந்தவரின் பெருமையில் பாதிக்கு மேல் இருந்தவருக்குச் சேர வேண்டும்.

இந்தக் கதைக்குப் புனேயிலும் ஒரு கிளை உண்டு. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த், பெர்க்லியில் ஹஸ்கியிடம் முனைவர் ஆய்வு செய்தவர். சூரிச்சில் விர்த்தின் குழுவில் போய்ச் சேர்ந்த இந்தியர் கேசவ் நோரி. 1970-களில் அந்தக் குழு வெளியிட்ட பாஸ்கல்-பி தொகுப்பியின் ஆசிரியர்களில் அவர் பெயரும் இருக்கிறது. கற்பனை இயந்திரம் ஒன்றுக்கான குறிமுறையாகப் பாஸ்கல் நிரலை அது மாற்றித் தரும். அந்தக் கற்பனை இயந்திரத்தை மட்டும் தங்கள் கணினியில் எழுதிக்கொண்டால் போதும், எந்த ஊர்க்காரரும் பாஸ்கலைத் தங்கள் இடத்தில் நிறுவிவிடலாம். சூரிச்சிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. நோரி பின்னர் கான்பூரில் கற்பித்தார், அதன்பின் 1981-இல் புனேயில் தொடங்கப்பட்ட டாடா ஆராய்ச்சி மேம்பாட்டு வடிவமைப்பு மையத்துக்கு வந்தார்.

இன்று அரசே வழி செய்கிறது. 2015-இல் தொடங்கிய ஞான் திட்டத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஓரிரு வாரம் வந்து பாடம் நடத்தலாம். 2017-இல் வந்த வஜ்ரா திட்டம் ஒன்று முதல் மூன்று மாதம் தங்க இடம் கொடுத்தது. இரண்டும் நல்ல திட்டங்கள். கான்பூர் வகுப்பும் பத்தே நாள்தான்; ஆகவே நாள் குறைவு என்று குறை சொல்வது சரியல்ல. ஆனால் விருந்தினர் விமானம் ஏறிய மறுவாரமே அதே பாடத்தை நடத்த உள்ளூர் ஆசிரியர் ஒருவர் தயாராக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மிஞ்சுவது சான்றிதழும் குழுப்படமும்தான்.

கணினித் துறையினரின் அமைப்பான ஏசிஎம் இந்தியா 2016-இல் தொடங்கிய சிஎஸ்பாடசாலா இயக்கம் இதைப் புரிந்துகொண்டு நடக்கிறது. கணினியே இல்லாத வகுப்பறையிலும் கணினிச் சிந்தனையைக் கற்பிக்கும் செயல்பாடுகளை எழுதி, அவற்றை நடத்தப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூல்களில் 'தகவல் செயலாக்கம்' என்ற பகுதி வந்திருப்பதும் இதே திசையில்தான்.

புனேயின் ஹிஞ்சவாடியில் வேலை பார்க்கும் தமிழர்களும், விடுமுறைக்கு இங்கே வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் உள்ளூர்க் கல்லூரியில் சிறப்புரையாற்ற அழைக்கப்பட்டால், மேடை ஏறும் முன் ஒரு நாளை அங்குள்ள இளம் விரிவுரையாளரோடு செலவிட வேண்டும். அவர் நடத்தும் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அடுத்த பருவத்துக்கான பாடக்குறிப்பையும் ஆய்வகப் பயிற்சியையும் அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். முடிந்தால் அடுத்த ஆண்டும் அதே கல்லூரிக்கே போங்கள்.