அளவு ஜாக்கெட் சொல்லாத அளவு



தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் துணியோடு ஓர் அளவு ஜாக்கெட்டும் கொண்டுவருவார்கள். "இதே மாதிரி தைச்சிடுங்கக்கா" என்பார்கள். அதை உள்பக்கம் திருப்பினால் பக்கத் தையல் பிரித்துப் பிரித்து நைந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் தைத்தது. இப்போது இடுப்பில் ஒரு குழந்தை. "இது சரியா இருக்கா?" என்று கேட்டால், "கொஞ்சம் பிடிக்கும். ஆனா நான் இளைச்சிடுவேன்" என்று பதில் வரும். அடுத்தவருக்குத் தைப்பதில் முதல் சிக்கலே இதுதான். போடப்போவது இன்றைய உடம்பு. கைக்கு வருவதோ என்றைக்கோ இருந்த அளவு.

அதனால் நான் டேப்பை எடுத்துவிடுவேன். டேப் இடுப்பைத் தொட்டதுமே பலர் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்த அளவுக்குத் தைத்தால் கல்யாணப் பந்தியில் கொக்கி தெறிக்கும். ஆகவே அளவெடுக்கும்போதே பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பேன். பதில் சொல்ல மூச்சை விட்டுத்தானே ஆகவேண்டும்! இரண்டு தோளையும் தனித்தனியே பார்ப்பேன். அச்சாக ஒன்றுபோல் இருப்பவர்கள் குறைவு.

அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. "கைய தூக்கினா ஜாக்கெட் மேலே ஏறுது, அக்குளை இன்னும் இறக்கி வெட்டுங்க." இறக்கினால் இன்னும் ஏறும். அக்குள் வளைவு கீழே போகப் போக, கையை உயர்த்தும்போது மொத்த ஜாக்கெட்டையும் அது கூடவே இழுக்கும். வளைவு அக்குளை ஒட்டி மேலே இருந்தால்தான் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தனியாகப் போகும். வாயால் சொன்னால் நம்புவதில்லை. போட்டுப் பார்க்கச் சொல்லி, பரணில் இருந்து சாமான் எடுப்பதுபோல் கையைத் தூக்கச் சொன்னால் புரிந்துவிடும்.

சிங்கர் தன் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1851-ல். அன்று முதல் தையலுக்கு வேகம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. வெட்டுகிறவரின் பயம் மட்டும் குறையவில்லை. தையல் தப்பினால் பிரிக்கலாம். கத்தரி தப்பினால் போனது போனதுதான். பட்டுப்புடவையோடு சேர்த்து நெய்து வருகிற ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். அதற்குள் முதுகு, முன்பக்கம், கை, கைக்கு ஜரிகைக் கரை எல்லாம் அடங்க வேண்டும். அதே நிறத்தை வேறு கடையில் தேடிப் பிடிக்க முடியாது. பட்டில் பிரித்துத் தைப்பதும் லேசல்ல, பழைய ஊசித் துளை அப்படியே தெரியும். சாக்பீஸால் வரைந்துவிட்டு, ஒரு டீ குடித்து வந்து மறுபடி அளந்த பிறகுதான் கத்தரியை எடுப்பேன்.

இப்போது எல்லோரும் செல்போனில் படம் காட்டுகிறார்கள். அந்த மாடலின் முதுகுப்பக்கம் துணியைச் சுருட்டி கிளிப் போட்டிருக்கலாம் என்பது நமக்குத் தெரியும். சொன்னால் நமக்குத் தைக்கத் தெரியவில்லை என்பார்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் வருவார்கள். கடையில் ஆள் இருந்தால் வாசலிலேயே நின்று, எல்லோரும் போன பிறகு உள்ளே வருவார்கள். லைனிங்கின் உள்பக்கம் மெல்லிய பருத்தியில் ஒரு பை வைத்து, பேட் செருக வாய் விட்டுத் தைப்பேன். தழும்பில் தையல் உரசக்கூடாது. அந்தப் பக்கத்து மடிப்பை எல்லாம் வெளிப்பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். பேட் ரொம்ப லேசாக இருந்தால் ஒரு பக்கம் மேலே ஏறிக்கொள்ளும், அதையும் பார்க்க வேண்டும். டிசைன் ஜாக்கெட்டை விட இதற்கு நேரம் அதிகம். கண்ணாடியில் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்து மூடாமலே நடந்து போவார்கள். எந்த ஆரி வேலைக்கும் கிடைக்காத திருப்தி எனக்கு அதில் கிடைக்கிறது.

அரசுப் பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். குவியல் குவியலாகத் தைக்கிற அவர்களுக்கு, போட்டுப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைக் காண்பது அபூர்வம். அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவள்.

கூலி விஷயத்தில் மட்டும் யாருமே கொடுத்துவைக்கவில்லை. ஆதரவற்ற பெண்களுக்கு அரசு, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசமாகத் தையல் மெஷின் கொடுக்கிறது. மெஷின் வந்ததும் அக்கம்பக்கத்தார், "வீட்டில்தானே தைக்கிறே, கடைக் கூலி கேட்கிறியே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துப் புடவை எடுத்தவர்தான் லைனிங் காசுக்குப் பேரம் பேசுவார். சொந்தக்காரர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கல்யாண வீட்டில் எல்லோரும் நகையைப் பார்ப்பார்கள், நான் முதுகுகளைப் பார்ப்பேன். கழுத்து வளைவு சுருக்கமில்லாமல் படிந்திருந்தால், யார் தைத்தது என்று விசாரிக்காமல் இருக்க முடியாது. அது நான் தைத்ததாகவே இருந்துவிட்டால் அன்றைக்குப் பாயசம் இன்னும் கொஞ்சம் இனிக்கும்.

தைக்கக் கொடுப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பருத்தித் துணியையும் லைனிங்கையும் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள், தைத்த பிறகு சுருங்காது. தீபாவளிக்கு வேண்டுமென்றால் நவராத்திரிக்கு முன்னாலேயே வாருங்கள். பக்கவாட்டில் உள்ளே விட்டிருக்கும் துணி தடிப்பாக இருக்கிறதென்று வெட்டச் சொல்லாதீர்கள். அடுத்த வருஷம் பிரிக்க அதுதான் வேண்டும்.