ஊர் ஏரியும் பொது மென்பொருளும்

1882-ஆம் ஆண்டில் ஆங்கிலோ-இந்தியர்களின் குடியிருப்பாகத் தோன்றிய வைட்ஃபீல்ட், இன்று பெங்களூரின் கணினித் தொழில் செழிக்கும் பகுதி. பிழைப்பு நாடி வந்த தமிழர் பலர் இங்கு வாழ்கிறோம். 2024 செப்டம்பரில் நண்பர் நால்வர் மெட்ரோ ரயிலேறி நகருக்குள் சென்று, நிம்ஹான்ஸ் மாநாட்டு மண்டபத்தில் நடந்த ‘இந்தியா ஃபாஸ்’ மாநாட்டில் கலந்துகொண்டோம்.

இத்தகைய கூட்டம் இந்நகருக்குப் புதிதன்று. 2001-இல் ‘லினக்ஸ் பெங்களூர்’ என்று தொடங்கிய மாநாடு, 2005-இல் ‘ஃபாஸ் டாட் இன்’ என்று பெயர் மாறி, 2012-இல் இறுதியாகக் கூடியது.

கட்டற்ற மென்பொருள் என்பது யாது? நம் ஊர் ஏரியை நினைவுகூருங்கள். மதகு பழுதானால் குடிமராமத்து முறைப்படி ஊராரே கூடிச் செப்பனிட்டனர். அவ்வாறே இம்மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991-இல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இவ்வழியில் வளர்ந்தவையே.

உணவு வேளையில் கன்னட இளைஞர் ஒருவர் எங்கள் அருகில் அமர்ந்தார். நாள்தோறும் மாலையில் அரைமணி நேரம் ஒரு மென்பொருளின் சொற்களைக் கன்னடமாக்குவதாகக் கூறினார். பின்பு, “தமிழுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டார். மொழிப்பற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசவல்ல நாங்கள் நால்வரும் வாய்மூடி இருந்தோம்.

தமிழில் பணி நடவாமல் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் முதலியவற்றைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியுள்ளனர். ஒருவர் மொழிபெயர்க்க, மற்றொருவர் சரிபார்க்க, அடுத்த பதிப்பில் அச்சொல் இடம்பெறுகிறது. ஆனால் ஒவ்வொரு பதிப்பிலும் புதுச் சொற்கள் வந்து சேரும். மொழிபெயர்க்கப்படாதவை ஆங்கிலமாகவே நின்றுவிடும். ஆண்டுதோறும் ஏரியில் வண்டல் படிவது போன்றதே இது. தூர் வாருவோர் குறைந்தால் ஏரி மேடாகும்.

பள்ளியில் தமிழ் பயில வாய்ப்பில்லாத பிள்ளைகள் நம் வீடுகளில் வளர்கிறார்கள். ‘கோப்பு’, ‘சேமி’ என்னும் சொற்களை அவர்கள் நாள்தோறும் திரையில் காண்பார்களானால், தமிழ் பாட்டியுடன் பேசுவதற்கு மட்டுமே உரிய மொழி என்று எண்ணமாட்டார்கள்.

ஏரிக்கரையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். எனினும் இந்த ஏரிக்கு, இருந்த இடத்திலிருந்தே ஒரு கூடை மண் அள்ளலாம். அன்று திரும்பும் ரயிலிலேயே நாங்கள் நால்வரும் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டோம். அந்த இளைஞரை மறுமுறை காணும்போது சொல்வதற்கு எங்களிடம் விடை இருக்க வேண்டுமல்லவா?