குறுக்கே வீசும் காற்று

சின்ன விமானம் ஓட்டப் பழக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வந்த அன்றைக்கே எப்போது ஏற்றுவீர்கள் என்பார்கள். நான் மெட்டார் என்கிற வானிலை அறிக்கையை நீட்டுவேன். ஒரே வரிதான்.

சென்னையில் மே மாதத்தில் வரக்கூடிய ஒன்றைப் பார்ப்போமா? நேரம் 0930. காலை ஒன்பதரை என்று நினைத்துவிடாதீர்கள். உலகப் பொது நேரம் அது. நமக்குப் பிற்பகல் 3 மணி. அடுத்து 13012. காற்று 130 டிகிரியிலிருந்து, அதாவது தென்கிழக்கிலிருந்து, 12 நாட் வேகத்தில் வருகிறது. மணிக்கு 22 கிலோமீட்டர். காலையில் மேற்கிலிருந்து அனலாக அடித்தது, கடற்காற்று உள்ளே நுழைந்ததும் இப்படித் திரும்பிவிடும். மெரினாவில் இருப்பவர்களுக்கு அப்பாடா என்றிருக்கும். எங்களுக்கு அங்கேதான் வேலை.

கணக்குக்கு மீனம்பாக்கத்து 07 ஓடுபாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 07 என்றால் ஏறக்குறைய 70 டிகிரியை நோக்கி இறங்குகிறோம். காற்று 60 டிகிரி விலகி வருவதால், 12 நாட்டில் பத்துக்கு மேல் குறுக்கே தள்ளும். செஸ்னா 172 கையேட்டில் 15 நாட் குறுக்குக் காற்றில் இறங்கிக் காட்டியதாக இருக்கும். காட்டியவர் கைதேர்ந்தவர். பழகுகிறவரை நான் அதில் பாதிக்கு மேல் தனியாக விடமாட்டேன்.

இறங்குவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். காற்று வலப்பக்கம், மூக்கை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி, நண்டு மாதிரிப் பக்கவாட்டாக வருவோம். தரை நெருங்கியதும் இடது காலால் ரட்டர் என்கிற சுக்கானை அழுத்தி மூக்கைப் பாதைக்கு நேராக்க வேண்டும். கூடவே வலது இறக்கையைத் தாழ்த்த வேண்டும். முதலில் வலது சக்கரம், பிறகு இடது, கடைசியில் மூக்குச் சக்கரம். தொட்டவுடன் நிறையப் பேர் கையைத் தளர்த்திவிடுவார்கள். "இன்னும் இறங்கலை தம்பி, காற்றுப் பக்கமே பிடி" என்று கத்துவேன்.

ஒரு மாணவி கேட்டாள், "சார், அறிக்கையில ஒண்ணு, விண்ட்சாக் வேற மாதிரி காட்டுதே?" நல்ல கேள்வி. அறிக்கை அரைமணி பழசாக இருக்கலாம்; கம்பத்தில் ஆடும் துணிப்பை இந்த நிமிஷத்தைச் சொல்கிறது. கிளம்பலாமா என்பதற்கு அது, இறங்குவதற்கு இது.

மேகம், பார்வைத் தூரம், காற்றழுத்தம் எல்லாம் அதே வரியில் உண்டு. விமான நிலையப் பக்கம் போனால் விண்ட்சாக்கைப் பாருங்கள், அதன் அகலமான வாய் இருக்கும் பக்கமிருந்துதான் காற்று வருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது பறக்க ஆசைப்பட்டால், இதையும் சொல்லி அனுப்புங்கள்.